யார் குளித்த தொட்டி?

பழைய கட்டிலை வாங்குகிறவரிடம் அதில் யார் படுத்திருந்தார்கள் என்று நாம் கேட்பதில்லை. பழைய புத்தகத்தில் முன்பு வைத்திருந்தவரின் கையெழுத்து இருந்தால் மகிழ்ச்சிகூட அடைகிறோம். பழைய குளியல் தொட்டி என்றால் மட்டும் எவருக்கும் முதலில் எழுவது ஒரே கேள்விதான்: இதில் யார் யார் குளித்தார்களோ? சென்ற சில மாதங்களாக இந்தக் கேள்வியைப் பல குரல்களில் கேட்டுவிட்டேன். இது தவறான கேள்வி என்பது என் கட்சி. தவறு என்பதோடு நிற்கவில்லை. கேட்க வேண்டிய கேள்விகளையெல்லாம் இது மறைத்துவிடுகிறது.

நான் சொல்வது சாதாரணக் குளியல் தொட்டியை அல்ல. ஹாட் டப் என்கிறார்களே, நான்கு பேர் சுற்றி உட்கார்ந்து கழுத்தளவு வெந்நீரில் ஊறும்படியான பெரிய தொட்டி, அதை. உள்ளே நீரைச் சுழற்றும் பம்பு, சூடாக்கும் கருவி, வடிகட்டி, பக்கச் சுவர்களில் நீரைப் பீய்ச்சும் துளைகள் எல்லாம் உண்டு. புதுச்சேரியில் இது கிடைப்பதில் வியப்பொன்றும் இல்லை. விடுதிகள் அறைகளைப் புதுப்பிக்கின்றன. வெளிநாட்டிலிருந்து வந்து சில ஆண்டுகள் தங்கியவர்கள் வீட்டைக் காலி செய்கிறார்கள். மரச்சாமான்கள் பழைய சாமான் கடைகளுக்குப் போய் ‘பிரெஞ்சுக் காலத்தவை’ என்ற பெயரோடு விலை ஏறுகின்றன (பாதிக்கு மேல் அந்தக் காலத்தவை அல்ல என்பது கடைக்காரருக்கும் தெரியும்). தொட்டிக்கு அந்தக் கௌரவம் இல்லை. அது ஒரு மூலையில் மழைநீர் தேங்கி, கொசு வளர்த்துக்கொண்டு கிடக்கும். புதியதன் விலையில் சிறு பங்குக்கு யார் கேட்டாலும் கொடுத்துவிடுவார்கள்.

எங்கள் கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கும் நண்பர் அப்படி ஒன்றை வாங்கினார். ஆடம்பரத்துக்காக அல்ல. அவருடைய தாயாருக்கு எழுபத்து மூன்று வயது. இரண்டு முழங்கால்களிலும் மூட்டுத் தேய்மானம். மாலையில் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால் இரவு இரண்டு மணி நேரமாவது தூங்குவார். ஒத்தடத்துக்குப் பதில் உடல் முழுவதும் நீரில் இருந்தால் என்ன என்று மகனுக்குத் தோன்றியிருக்கிறது. அம்மாவுக்கு இரத்த அழுத்த மாத்திரைகள் உண்டு என்பதால் மருத்துவரைக் கேட்டார். நோயைத் தீர்க்காது, வலியை இளக்கும். சூடு நாற்பது டிகிரியைத் தொடவே கூடாது. பதினைந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். தனியாக இறங்கவோ ஏறவோ விடாதீர்கள் என்ற நிபந்தனைகளோடு அனுமதி கிடைத்தது.

இந்தத் தொட்டியின் பூர்வீகத்தை அறியாதவர்களே இதைக் கேளிக்கைப் பொருள் என்று ஒதுக்குகிறார்கள். ஜக்குஸி என்பது ஓர் இத்தாலியக் குடும்பத்தின் பெயர். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவுக்குக் குடியேறிய அந்தச் சகோதரர்கள் முதலில் விமானம் கட்டினார்கள். 1921இல் அவர்களுடைய விமானம் ஒன்று விழுந்து சகோதரர்களில் ஒருவரும் மாண்டார். குடும்பம் விமானத்தைக் கைவிட்டுக் கிணற்று நீர் இறைக்கும் ஜெட் பம்பு செய்யத் தொடங்கியது. நம் வீட்டுக் கொல்லைகளில் ஓடுகிற ஜெட் பம்புக்கும் அதற்கும் உறவுண்டு. சகோதரர்களில் ஒருவரான கான்டிடோவின் மகனுக்குக் கைக்குழந்தைப் பருவம் தாண்டுவதற்குள் மூட்டுவாதம் வந்தது. மருத்துவமனையில் சுழலும் நீரில் அவனை இருத்தினால் வலி குறைந்தது. அதையே வீட்டுக் குளியல் தொட்டியில் தருவதற்காகத் தந்தை ஒரு சிறு பம்பை வடிவமைத்தார். 1956இல் அது விற்பனைக்கு வந்தது. பம்பும் தொட்டியும் ஒன்றான வடிவம் 1968இல்தான் வந்தது. ஆக, வலியில் அழுத ஒரு குழந்தைக்காகச் செய்யப்பட்ட பொருள் இது. திரைப்படங்களில் வில்லன் கையில் கோப்பையோடு அமர்ந்தது பிற்பாடு.

இன்னொரு தகவலும் உண்டு. கலிஃபோர்னியாவின் சான்டா பார்பரா பகுதியில் அறுபதுகளில் வெந்நீர்த் தொட்டி மோகம் எழுந்தபோது, பலர் பயன்படுத்தியவை திராட்சை மது ஊறவைத்துக் கழித்துவிட்ட பழைய மரத் தொட்டிகள்தாம். பிறந்தபோதே அது பழைய சாமான்தான்.

இதையெல்லாம் நண்பரின் தாயாரிடம் சொல்லிப் பயனில்லை. தொட்டி வந்திறங்கிய அன்று நானும் அங்கிருந்தேன்.

“யாரு யாரு ஊறினதோ, அதுல என்னைக் கொண்டுபோய் உட்கார வைக்கிறியேடா” என்றார் மகனிடம்.

அவர் பாகூர்ப் பக்கம் பிறந்து வளர்ந்தவர். சிறு வயதில் ஊர்க்குளத்தில் மணிக்கணக்கில் கிடந்த கதைகளை எனக்கே பலமுறை சொல்லியிருக்கிறார். “குளத்துல மட்டும் யார் குளிச்சாங்கம்மா?” என்று கேட்டேன்.

“அது நம்ம ஊரு குளம்ப்பா. நம்ம ஆளுங்கதான்.”

அவர் கபடமில்லாமல் சொன்னார். நானும் நண்பரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

நம்முடைய நீர்நிலைகளின் பொதுமையைப் பற்றிப் புல்லரித்துப் பேசுவது தமிழ்த்துறைக்காரர்களுக்கு வழக்கம். புதுப்புனலாடல், கடலாடல், தைந்நீராடல் என்று அடுக்குவோம். மகளிரும் மைந்தரும் குடியானவரும் ஒன்றாக ஆற்றில் இறங்கிய காட்சிகள் பரிபாடலில் உள்ளன, உண்மை. ஆனால் பரிபாடல் திரட்டில் உள்ள வையைப் பாடல் ஒன்று இன்னொரு காட்சியையும் வைத்திருக்கிறது. கள் கலந்துவிட்டது என்று பார்ப்பார் ஆற்றில் மூழ்காமல் விலகுகிறார்கள். ஆடவரும் பெண்டிரும் பூசியிருந்த நறுமணப் பொருள்கள் கரைந்துவிட்டன என்று அந்தணர் நீரைத் தொடவில்லை. தேன் கலந்து வழுவழுத்துவிட்டது என்று வாய்கூடக் கொப்புளிக்கவில்லை. புலவர் இதைக் குற்றமாகச் சொல்கிறாரா, ஆற்றின் வளமாகக் கொண்டாடுகிறாரா என்று வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் விவாதம் வரும். கொண்டாடுகிறார் என்றுதான் எனக்குப் படுகிறது; விலகி நிற்பவர்களைப் பார்த்து ஒரு மெல்லிய சிரிப்பும் அதில் இருக்கிறது. எப்படியாயினும், ‘யார் குளித்த நீர்’ என்ற கேள்வி அந்தப் பழம்பாடலிலேயே உட்கார்ந்திருக்கிறது.

அந்தக் கேள்வி பிற்காலத்தில் எவ்வளவு கொடிதாயிற்று என்பதற்கு மஹாட் சாட்சி. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் தம் மக்களோடு சென்று அவ்வூரின் சவதார் குளத்து நீரை அள்ளிக் குடித்தார். கால்நடைகள் இறங்கிக் குடிக்கத் தடையில்லாத குளம் அது. பிறகு சாதி இந்துக்கள் அதைச் சுத்திகரித்தார்கள். சாணமும் கோமியமும் பாலும் தயிரும் நூற்றெட்டுக் குடங்களில் கொண்டுவந்து ஊற்றி! குடிநீரில் சாணத்தைக் கரைத்துவிட்டு இப்போது சுத்தமாயிற்று என்று நிம்மதியாக வீடு திரும்ப முடிந்திருக்கிறது. தீட்டு என்ற சொல் அழுக்கு என்ற சொல்லை விழுங்கிவிட்ட மனத்துக்கு மட்டுமே இது இயலும். தீட்டு ஆளைப் பார்க்கிறது. அழுக்குக்கு ஆள் தெரியாது, இடம்தான் தெரியும்.

வாங்கிய தொட்டியில் அந்த இடம் எது? பளபளக்கும் உட்புறம் அல்ல. அதை சோப்புப் போட்டுத் தேய்த்தால் பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. கண்ணுக்குத் தெரியாத குழாய்கள்தாம் விஷயம். துளை ஒவ்வொன்றுக்கும் பின்னால் குழாய்கள் வளைந்து வளைந்து போகின்றன. தொட்டியை எப்படிக் காலி செய்தாலும் அந்த வளைவுகளில் கொஞ்சம் நீர் நிற்கும். அந்த நீரில் கிருமிகள் சளிபோன்ற ஒரு படலத்தைக் கட்டிக்கொண்டு குழாயின் உட்சுவரில் ஒட்டி வாழும். அதற்குள் குளோரின் எளிதில் புகாது. தோலில் கொப்புளம் உண்டாக்கும் கிருமிகள் அங்கே இருக்கலாம். லீஜியோனெல்லா என்ற, நுரையீரலைத் தாக்கும் கிருமியும் இருக்கலாம். 1976இல் ஃபிலடெல்ஃபியா விடுதி ஒன்றில் கூடிய முன்னாள் படைவீரர்களிடையே மர்மக் காய்ச்சலாக வந்து 29 உயிர்களைக் கொண்டுபோன கிருமி அது. வெதுவெதுப்பான தேங்கிய நீரில் செழித்து வளரும். நீர்த்திவலையோடு மூச்சில் ஏறும். ஒரு மனிதரிடமிருந்து இன்னொருவருக்கு அது சாதாரணமாகத் தொற்றுவதில்லை என்பதை இங்கே அடிக்கோடிட வேண்டும்.

1999இல் நெதர்லாந்தின் போவென்கார்ஸ்பெல் என்ற ஊரில் மலர்க் கண்காட்சி நடந்தது. அங்கே சுழல்நீர்த் தொட்டி ஒன்றை விற்பனைக்காக ஓடவிட்டுக் காட்சிக்கு வைத்திருந்தார்கள். அதில் எழுந்த நீராவித் திவலையை மூச்சில் இழுத்தவர்கள், தொட்டியில் இறங்காமல் பக்கத்தில் நடந்து போனவர்கள், நோயில் விழுந்தார்கள். ஏறக்குறைய இருநூறு பேர். அவர்களில் குறைந்தது 32 பேர் இறந்தார்கள். காட்சிக்கு வைத்த தொட்டி அது! ‘யார் குளித்தது’ என்று கேட்டிருந்தால் ‘ஒருவரும் இல்லை’ என்று பெருமையோடு பதில் வந்திருக்கும். ‘எத்தனை நாள் தேங்கிய நீர்’ என்று கேட்க ஆளில்லை.

நண்பர் இதைப் படித்துவிட்டு இரண்டு நாள் தூங்கவில்லை. பிறகு வேலையில் இறங்கினார். தொட்டியில் குளிர்ந்த நீரை துளைகளுக்கு மேல் நிற்கும்படி நிரப்பி, குளோரின் கரைசலைத் தாராளமாக ஊற்றி, பம்பை ஒரு மணி நேரம் ஓட விட்டார். முதலில் நுரை வந்தது. பிறகு கொதித்த தேயிலைத் தூளைப் போலக் கருந்துணுக்குகள் துளைகளிலிருந்து வெளிவந்து மிதந்தன. யாரோ குளித்ததால் வந்த அழுக்கல்ல அது. யாரும் குளிக்காமல், கவனிக்காமல் போட்டுவைத்த மாதங்களின் அழுக்கு. வடித்துவிட்டு மறுபடி. மூன்றாம் தடவைதான் நீர் தெளிவாக நின்றது. பழைய வடிகட்டியைக் கழுவிப் பார்க்கலாம் என்ற ஆசாரியின் யோசனையைத் தள்ளிவிட்டுப் புதிது வாங்கிப் போட்டார். இதில் சிக்கனம் கூடாது என்பேன். பழைய தொட்டி வாங்கலாம்; பழைய வடிகட்டி வாங்கக் கூடாது.

அதற்கு முன்பே ஒரு தகராறு நடந்து முடிந்திருந்தது. தொட்டியை எங்கே வைப்பது? மொட்டைமாடியில் என்றார் வீட்டார் அனைவரும். கடற்காற்று, நிலா, அக்கம்பக்கத்தார் பார்வை படாது. நண்பர் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டார். நீர் 900 லிட்டர், அதாவது 900 கிலோ. வெறுந்தொட்டி 200 கிலோ. நான்கு பேர் இறங்கினால் இன்னும் 260. மொத்தம் 1360 கிலோ, பக்கத்துக்கு 1.8 மீட்டர் உள்ள சதுரத்தின் மேல். சதுர மீட்டருக்கு 420 கிலோ வருகிறது. ஆட்கள் ஏறி நடமாடும் மாடிக்கு இந்தியத் தர நிர்ணயம் எதிர்பார்க்கும் சுமை சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோதான். குடியிருப்பு அறைத் தளத்துக்கே 200. வீட்டார் வாயடைத்தார்கள். புதுச்சேரியின் பழைய வீடுகளில், மரக்கட்டை உத்திரத்தின் மேல் செங்கல்லைக் குத்துவாக்கில் அடுக்கிச் சுண்ணாம்பு பூசிய மெட்ராஸ் டெரஸ் கூரைகளின் மேல், இப்படி ஒன்றை ஏற்ற நினைப்பவர்கள் கடற்கரைச் சாலை மேரி கட்டடத்தை நினைத்துக்கொள்ளட்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்த அந்த நகராட்சிக் கட்டடம் 2014 நவம்பரில் பெருமழை நாளில் சரிந்து விழுந்தது. இன்று நாம் பார்ப்பது திரும்பக் கட்டியது. தொட்டி நண்பர் வீட்டுப் புழக்கடையில், ஓரடி கான்கிரீட் மேடையில் தரையோடு அமர்ந்தது. நிலா கொஞ்சம் குறைவுதான்.

மின்சாரம் பற்றி அதிகம் சொல்லமாட்டேன். அது என் துறையல்ல. இரண்டு விஷயங்கள் மட்டும். தண்ணீரில் மனிதர் அமர்ந்திருக்க ஓடும் இயந்திரத்துக்குச் சரியான எர்த் இணைப்பும், மின்கசிவு ஏற்பட்ட கணமே துண்டிக்கும் ஈ.எல்.சி.பி. சாதனமும் இல்லாமல் ஒரு சொட்டு நீர் ஊற்றக் கூடாது. அமெரிக்காவிலிருந்து வந்த தொட்டியென்றால் அதன் மோட்டார் அங்குள்ள அறுபது சுழற்சி மின்சாரத்துக்குச் செய்தது. நம் ஐம்பதில் மெதுவாக ஓடிச் சூடேறும். விற்பவர் ‘ஓடுதே சார்’ என்பார். ஓடும்தான். எத்தனை நாள் என்பது வேறு. நண்பர் வாங்கியது ஐரோப்பியத் தொட்டி. 28 டிகிரி நீரை 38க்குக் கொண்டுவரப் பத்தரை யூனிட் வேண்டும் என்று அவர் கணக்கிட்டார். வெப்ப இழப்பைச் சேர்த்தால் இன்னும் கூடும். சித்திரை வைகாசியில் மேல்நிலைத் தொட்டி நீரே அந்தச் சூட்டில் வருகிறதே, அதற்கு எதற்கு மின்சாரம் என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. அந்த மாதங்களில் கருவியை அணைத்தே வைத்திருக்கிறார்கள்.

என்னை உறுத்தியது தண்ணீர்க் கணக்கு. புதுச்சேரிக் கடலோரத்தில் ஆழ்துளைக் கிணறுகள் பல உவர்ப்பேறிவிட்டன. நிலத்தடி நன்னீரை நாம் உறிஞ்ச உறிஞ்ச அந்த இடத்துக்குக் கடல் நகர்ந்து வருகிறது. அந்த ஊரில் 900 லிட்டர் வெந்நீர்த் தொட்டி என்றால் கூச வேண்டாமா? நண்பரிடம் இதைச் சற்றுக் காரமாகவே கேட்டேன். இந்த நீரை நாள்தோறும் மாற்றுவதில்லை, வடிகட்டிக் குளோரின் இட்டு இரண்டு மூன்று மாதம் வைத்துக்கொள்வது; நாம் இருவரும் குழாயைத் திறந்துவிட்டுக் குளிப்பதில் பத்து நாளில் இதைவிட அதிகம் சாக்கடைக்குப் போகிறது என்று பதில் சொன்னார். வடிக்கும் நீரைக் குளோரின் போகத் திறந்து வைத்துத் தென்னைக்கு விடுகிறார். துவைத்துக் குழப்பிய முதல் மூன்று தடவை நீர் வீண்தான். அதை அவரும் மறுக்கவில்லை. ஆனால் விடுதிகள் அறைக்கொன்றாக வைத்து விருந்தினர் மாறும்போதெல்லாம் நிரப்பி வடிப்பது எனக்கு இன்னும் உடன்பாடில்லாத காரியம். அங்கே முழங்கால் யாருக்கும் வலிக்கவில்லை.

இந்த ஊரில் தண்ணீரைப் பற்றிப் பேசினால் ஆயியைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. விளக்கொளியில் கோயில்போல் தெரிந்த ஒரு மாளிகையைக் கண்டு கிருஷ்ணதேவராயர் கைகூப்பினார், அது ஆயி என்ற தாசியின் வீடு என்று அறிந்ததும் அவமானத்தில் அதை இடிக்கச் சொன்னார், ஆயி தானே இடித்து அந்த இடத்தில் குளம் வெட்டினாள் என்பது கதை. வரலாறு எவ்வளவு, கற்பனை எவ்வளவு என்று பிரிப்பது கடினம். முத்தரையர்பாளையத்து நீர் மூன்றாம் நெப்போலியன் காலத்தில் நகரத்துக்குக் கொண்டுவரப்பட்டதும், ஆயியின் பெயரில் பூங்கா நடுவே வெள்ளை மண்டபம் எழுந்ததும், அம்மண்டபமே இன்று புதுச்சேரி அரசின் சின்னமாக இருப்பதும் கண்ணுக்குத் தெரிந்தவை. ஒரு கும்பிடு அவள் வாசலில் பட்டதே தீட்டு என்று இடித்த வீட்டின் தண்ணீரை வெள்ளையர் நகரமும் கறுப்பர் நகரமும் குடித்தன. யார் வீட்டு நீர் என்று அப்போது எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. தாகம் கேட்காது.

நண்பரின் தாயாரிடம் இந்தக் கதையை நான் சொல்லவில்லை. அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அவரை இறங்க வைத்தது கதையுமல்ல, குளோரினுமல்ல. ஐப்பசி அடைமழையில் ஓரிரவு வலி பொறுக்கவில்லை. மருமகளும் மகனும் கைத்தாங்கலாகப் பிடித்து உட்கார வைத்திருக்கிறார்கள். பதினைந்து நிமிடம் கழித்து எழுப்பப் போனபோது “இன்னும் கொஞ்ச நேரம் இருடா” என்றாராம். மருத்துவர் சொன்னதற்காக எழுப்பிவிட்டார்கள்.

இப்போது தொட்டிக்குச் சட்டம் இயற்றுபவர் அவரேதான். குளித்துவிட்டு இறங்க வேண்டும். எண்ணெய் தேய்த்த நாளில் எவரும் பக்கத்தில் வரக் கூடாது, ஏனெனில் எண்ணெயும் சீயக்காயும் வடிகட்டியை ஒரே நாளில் அடைத்துவிடும். நீரைச் சோதிக்கும் வண்ணத்தாளைப் பேத்தி நனைத்துக் காட்ட வேண்டும். குளோரின் கட்டம் நிறம் மாறியிருந்தால்தான் இறங்குவார். மூடி எந்நேரமும் பூட்டியிருக்க வேண்டும், கொசுவுக்காகவும் பக்கத்து வீட்டுக் குழந்தைக்காகவும். வீட்டு வேலைக்கு வரும் அம்மாளுக்கும் முழங்கால் வலி உண்டு. அவரையும் உட்காரச் சொல்லலாமே என்று மருமகள் ஒருநாள் கேட்டிருக்கிறார். அம்மா உடனே பதில் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து, “வரச்சொல்லு, முதல்ல குளிச்சுட்டு இறங்கணும், எல்லாருக்கும் அதான்” என்றிருக்கிறார். அந்த அம்மாள்தான் இன்னும் இசையவில்லை. யார் யார் குளிக்கிற தொட்டியோ, எனக்கு வேண்டாம் என்கிறாராம்.